மலை நிலத்தில் வீடு கட்ட அனுமதி: நிலத்தின் வகையை முதலில் அறிவீர்

மலைக் கிராமங்களில் பழைய கூரை வீட்டைப் பிரித்துவிட்டு, ஓட்டு வீடோ கான்கிரீட் வீடோ கட்ட முற்படும் பழங்குடி விவசாயிகளில் பலர், அஸ்திவாரம் தோண்டிய பிறகே அனுமதி என்று ஒன்று வேண்டும் என்பதை அறிகிறார்கள். அதற்குள் செங்கல்லும் மணலும் மலை ஏறி வந்திருக்கும். வண்டிக் கூலியே விலைக்குச் சமமாக ஆகியிருக்கும். அந்த நிலையில் வேலை நின்றால், ஒரு வருஷ விளைச்சலின் பணம் வெயிலிலும் மழையிலும் கிடந்து வீணாகும். முன்கூட்டியே சில விவரங்களைத் தெரிந்து கொண்டால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

"பழங்குடியினர் நிலம்" என்று சட்டத்தில் ஒரே வகையாக எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. ஆந்திரம், ஜார்க்கண்டு, ஒடிசா முதலிய பத்து மாநிலங்களில், அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிப் பகுதிகள் அறிவிக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதி கிடையாது. 2011-ம் வருஷ மக்கள் கணக்கின்படி இம்மாநிலத்தில் பழங்குடியினர் சுமார் 7 லட்சத்து 95 ஆயிரம் பேர். இவர்களுடைய நிலம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான காகிதத்தின் பேரில் இருக்கிறது. எனவே வீட்டுக்கு அனுமதி எங்கே கேட்பது, யார் தருவது என்பதெல்லாம் கையில் உள்ள காகிதம் எது என்பதைப் பொறுத்தது.

நிலத்தின் வகைகள்

கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று தமது புல எண்ணைச் சொல்லி, 'அ' பதிவேட்டில் என்ன எழுதியுள்ளது என்று முதலில் பார்த்துக் கொள்ள வேண்டும். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றை இப்போது வருவாய்த் துறையின் இணையதளம் வழியாகவும் எடுக்கலாம். அநேகமாக நிலம் கீழ்க்கண்ட ஐந்து வகைகளில் ஒன்றாக இருக்கும்.

1. கிராம நத்தம் அல்லது வீட்டுமனைப் பட்டா. இது குடியிருப்பதற்கென்றே உள்ள இடம். வீடு கட்ட இதைவிடச் சுலபமான நிலம் வேறில்லை. குடும்பத்தில் நத்தத்தில் ஒரு துண்டும் தோட்டத்தில் பல ஏக்கரும் இருந்தால், வீட்டை நத்தத்தில் கட்டுவதே மேல்.

2. சாதாரண விவசாயப் பட்டா. நிலம் சொந்தமானாலும் அது விவசாய நிலம். விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவது குறித்து, திட்டமில்லாப் பகுதிகளுக்கு 2017-ல் தனி விதிகள் வந்தன. தம் தோட்டத்தில் தாம் வசிக்க ஒரு வீடு கட்டுவதற்கு அந்த விதிகளின்படி என்ன செய்ய வேண்டும் என்பதை, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு அறிய வேண்டும்.

3. நிபந்தனைப் பட்டா, அதாவது சர்க்கார் இலவசமாக ஒப்படை செய்த நிலம். ஒப்படை உத்தரவின் பின்பக்கத்தில் நிபந்தனைகள் அச்சிடப்பட்டிருக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது, விவசாயத்துக்கே உபயோகிக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. நிபந்தனை மீறப்பட்டால் நிலத்தை அரசு திரும்ப எடுத்துக் கொள்ளலாம். சாகுபடிக்காக ஒப்படை பெற்ற நிலத்தில் வீடு கட்ட நினைப்பவர், தாசில்தாருக்கு மனுக் கொடுத்து எழுத்து மூலம் பதில் பெற்ற பிறகே மேலே செல்ல வேண்டும். "கட்டிக் கொள், ஒன்றும் ஆகாது" என்று வாயால் சொல்வது பின்னால் உதவாது.

4. வன உரிமைப் பட்டா. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின்படி வனநிலத்துக்குக் கொடுக்கப்படுவது. இதைப் பற்றிக் கீழே விரிவாகக் காணலாம்.

5. எவ்விதக் காகிதமும் இல்லாத வனநிலம் அல்லது புறம்போக்கு. தாத்தா காலத்து அனுபவம் இருந்தாலும், காகிதம் வரும் வரை புதுக் கட்டடம் எழுப்பலாகாது. முதலில் உரிமையைப் பெற வேண்டும்.

ஒரே விவசாயியின் தோட்டம் இரண்டு வகைகளில் இருப்பதும் உண்டு. 75 சென்ட் பட்டாவாக இருக்கும். அதை ஒட்டி ஓர் ஏக்கர் வனநிலமாக இருக்கும். நடுவில் வேலியே இராது. வீட்டின் முன்பாதி பட்டாவிலும் சமையற்கட்டு வனத்திலும் அமைந்து, பின்னால் தகராறு ஆகிவிடும். தோட்டம் வன எல்லையை ஒட்டியிருந்தால், கட்டணம் செலுத்தி சர்வேயரை வரவழைத்து, வன எல்லைக் கற்களைப் பார்த்து அளந்து, கோடு போட்டுக் கொள்ள வேண்டும். இந்தச் செலவில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

வன உரிமைப் பட்டாவும் வீடும்

வன உரிமைப் பட்டா பெற்ற நிலத்தில் வசிக்கவே கூடாது, பயிர் மட்டும்தான் செய்யலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். இது தவறு. சட்டத்தின் 3(1)(அ) பிரிவு, வனநிலத்தை வசிப்பதற்காகவோ பிழைப்புக்கான சொந்தச் சாகுபடிக்காகவோ வைத்திருக்கும் உரிமை என்றே கூறுகிறது. மேலும் 4(7) பிரிவின்படி, இந்த உரிமைக்கு 1980-ம் வருஷ வனப் பாதுகாப்புச் சட்டத்தின் அனுமதி தனியாகத் தேவையில்லை. காட்டுக்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டியதும் இல்லை. விதிகளின் 16-வது விதி, பட்டா பெற்றவர்களுக்கு நில அபிவிருத்தி, அடிப்படை வசதி முதலிய அரசுத் திட்டங்கள் கிடைக்கும்படி மாநில அரசு பார்த்துக் கொள்ள வேண்டும் என்கிறது. அலுவலகத்தில் மறுப்புக் கூறினால், இந்தப் பிரிவுகளை மனுவில் குறிப்பிட்டுப் பதில் கேட்கலாம்.

ஆனால் இந்த உரிமைக்கு எல்லை உண்டு. அதிகபட்சம் 4 ஹெக்டேர். அதுவும் 2005 டிசம்பர் 13-ம் தேதியன்று உண்மையில் அனுபவத்தில் இருந்த பரப்பு மட்டுமே. நிலம் வாரிசுகளுக்குச் சேரும். விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ முடியாது. திருமணமானவர்களாயின் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக இருக்கும். ஆகவே வீட்டு விண்ணப்பத்திலும் இருவரும் கையெழுத்திடுவது நல்லது. கணவர் மட்டும் கையெழுத்திட்ட மனு திரும்பி வந்தால் வீண் தாமதமே.

பட்டா கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. வருவாய்த் துறை, வனத் துறை ஆகிய இரண்டின் பதிவேடுகளிலும் அது ஏற வேண்டும். 2012-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, மூன்று மாதத்துக்குள் வரைபடத்துடன் பதிவாக வேண்டும். பதிவாகாத பட்டாவை வைத்துக் கொண்டு கட்டட அனுமதிக்குச் சென்றால், கணினியில் புல எண் காட்டாது. பட்டாவின் நகலுடன் கோட்டாட்சியருக்கு மனுக் கொடுத்து, முதலில் பதிவைச் சரிசெய்து கொள்ள வேண்டும்.

பட்டா இன்னும் வராதவர்கள்

தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தின்படி பட்டா கொடுப்பது வெகு காலம் தாமதப்பட்டது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவே அதற்குக் காரணம். 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. விண்ணப்பிக்காதவர்களும், விண்ணப்பித்துப் பதில் வராதவர்களும் இன்னும் உண்டு.

உரிமை கோரும் மனுவைக் கிராம சபையில் கொடுக்க வேண்டும். கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழு, நிலத்துக்கு நேரில் வந்து பார்க்கும். மனு அதன் பிறகு கோட்ட அளவிலான குழுவுக்கும், கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் செல்லும். மாவட்டக் குழுவின் முடிவே இறுதியானது. கிராம சபையின் முடிவு பாதகமாக இருந்தால் 60 நாட்களுக்குள் கோட்டக் குழுவிடம் முறையிடலாம். உரிமை மனுக்களைத் தீர்மானிக்கும் கிராம சபையில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருப்பதும் அவசியம். கூட்டம் குறைந்தால் தீர்மானம் நிற்காது. எனவே அன்று கூலி வேலைக்குப் போகாமல் கூட்டத்துக்கு வருவது ஊரார் எல்லோருடைய பொறுப்பு.

குறைந்தது இரண்டு சான்றுகள் வேண்டும். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது, ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம் முதலியவை சான்றுகளே. வீடு, குடிசை, வரப்பு, கல்கட்டு, தடுப்பணை, கிணறு, முன்னோரின் சமாதி, குலதெய்வக் கோயில் ஆகியவையும் சட்டத்தின் கண்ணில் சான்றுகளே. குறிப்பிட்ட ஒரு காகிதம் இருந்தால்தான் ஆயிற்று என்று குழுவினர் பிடிவாதம் செய்யக் கூடாது.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. புது வீடு கட்டும் ஆசையில், மனு நிலுவையில் இருக்கும்போது பழைய வீட்டை இடித்துவிடாதீர்கள். அந்தப் பழைய மண்சுவரும் அடுப்படியும் உங்கள் அனுபவத்துக்குச் சாட்சி. குழு நேரில் பார்த்து எழுதும் வரை அது நின்றாக வேண்டும். மழையில் இடிந்துவிடும் நிலையில் இருந்தால், நான்கு புறமும் போட்டோ எடுத்து, நீள அகலம் அளந்து, குழுவின் கையெழுத்துடன் ஒரு குறிப்பு எழுதி வைத்துக் கொள்ளவும்.

மனு பரிசீலனை முடியும் வரை அனுபவதாரரை வெளியேற்றலாகாது என்பது 4(5) பிரிவு தரும் பாதுகாப்பு. ஆனால் அது கட்டட அனுமதி ஆகாது என்பதையும் மறக்கக் கூடாது.

ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலை போன்ற இடங்களில் வாழும் மலையாளி மக்களுக்குத் தனிச் சங்கடம் உண்டு. சேலம், தருமபுரி முதலிய மாவட்டங்களில் பழங்குடியினர் பட்டியலில் உள்ள இதே மக்கள், அங்கே அப்பட்டியலில் இல்லை. இத்தகையோர் "பிற பாரம்பரிய வனவாசிகள்" என்ற தலைப்பில் உரிமை கோரலாம். ஆனால் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். வயதான பெரியவர்களின் வாக்குமூலத்தைக் காலம் கடத்தாமல் எழுதி வாங்கிக் கொள்வது புத்திசாலித்தனம்.

ஊராட்சியில் விண்ணப்பம்

நிலத்தின் வகை தெளிவானதும், சிறிய குடியிருப்பு வீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம் கிராம ஊராட்சியே. அனுமதி தருபவர் ஊராட்சித் தலைவர். தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் அப்பொறுப்பைப் பார்ப்பார். 2019 பிப்ரவரி முதல் மாநிலம் முழுவதற்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அமலில் உள்ளன. விண்ணப்பம் இணையதளம் வழியாகவே போடப்படுகிறது. மலையில் வசதி இல்லாவிட்டால் ஊராட்சிச் செயலரையோ பொது சேவை மையத்தையோ அணுகலாம்.

வழக்கமாகத் தேவைப்படும் காகிதங்கள்: பட்டா அல்லது ஒப்படை உத்தரவு; பத்திரம் இருந்தால் அதன் நகல்; புல வரைபடம்; வில்லங்கச் சான்று; ஆதார் அட்டை; பதிவு பெற்ற என்ஜினீயர் வரைந்த மனைப்படமும் கட்டடப் படமும். படத்தில் பாதை, நாற்புறமும் விடும் காலி இடம், கழிப்பறைத் தொட்டி, மழைநீர் சேகரிப்பு ஆகியவை இருக்க வேண்டும். கட்டணத்துக்கு ரசீதும், விண்ணப்பத்துக்கு எண்ணும் அவசியம் பெற வேண்டும். வெகுநாள் பதில் வராவிட்டால், 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, "எனது விண்ணப்பம் இன்று எந்த நிலையில் உள்ளது?" என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

வீட்டு வரி ரசீதையும் மின் இணைப்பையும் அனுமதி என்று எண்ணி ஏமாறுவோர் பலர். வரி கட்டியது வரி கட்டியதற்கே சாட்சி. அனுமதி உத்தரவும் முத்திரையிட்ட வரைபடமும் தனி. உத்தரவில் குறித்த காலக்கெடுவுக்குள் வேலையை முடிக்க வேண்டும். படத்தில் உள்ளபடியே கட்ட வேண்டும்.

மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையம்

மலைச் சரிவுகளைக் காப்பதற்காக 1990-ல் தமிழ்நாடு அரசு இந்த ஆணையத்தை அமைத்தது. அதன் பட்டியலில் நீலகிரி, கொடைக்கானல் கிராமங்கள் மட்டுமல்ல, அடிவார ஊர்களும் உண்டு. கோவை மாவட்டத்து இக்கரை போளுவாம்பட்டி அத்தகைய ஒன்று. உங்கள் வருவாய்க் கிராமம் பட்டியலில் உள்ளதா என்பதை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டறியலாம்.

பட்டியலில் இருந்தால், சாதாரண அனுமதியுடன் மூன்று துறைகளின் தடையில்லாச் சான்றும் கேட்கப்படும். கனிமத் துறை, மண் சரியும் இடமா என்று பார்க்கும். வேளாண் பொறியியல் துறை, மண் அரிப்பும் நீர் ஓட்டமும் எப்படி என்று பார்க்கும். வனத் துறை, காப்புக்காடு எவ்வளவு தூரம், விலங்குகளின் வழித்தடமா என்று பார்க்கும். நீலகிரி மாவட்டம் சிகூர் பகுதியில் 2010-ல் அறிவிக்கப்பட்ட யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதி செய்தது. அத்தகைய இடத்தில் பட்டா நிலமானாலும் விசாரிக்காமல் கட்டலாகாது.

மனையில் மரம் இருந்தால் அதற்கும் அனுமதி வேண்டும். அறிவிக்கப்பட்ட மலைப் பகுதிகளில் 1955-ம் வருஷ மரப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. சந்தன மரம் சொந்தப் பட்டாவில் நின்றாலும், வனத் துறையைக் கேட்காமல் வெட்டக் கூடாது. நீலகிரி போன்ற இடங்களில் மண் தோண்டும் எந்திரத்தைக் கொண்டுவரவும் அனுமதி பெற வேண்டும்.

விதிகளுக்குக் காரணம் உண்டு

இவை வெறும் காகிதத் தொல்லை அல்ல. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 டிசம்பரில் திருவண்ணாமலையில் மலையடிவார வீட்டின் மீது மண் சரிந்து ஏழு பேர் இறந்தனர்.

வீட்டுக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது ஓடைக்கரை, ஊற்றுக்கண், பழைய மண்சரிவு இடம், சாய்ந்து வளைந்த மரங்கள் நிற்கும் சரிவு ஆகியவற்றை விலக்க வேண்டும். குழாய் மட்டம் வைத்துப் பார்த்து, பத்தடி நீளத்துக்கு மூன்றடிக்கு மேல் இறக்கம் இருந்தால் வேறு இடம் தேடுவது நல்லது. மண்ணை ஒரே உயரமாக வெட்டி, அந்தச் சுவரை ஒட்டி வீடு எழுப்புவது ஆபத்து. வெட்டிய மண்ணைச் சரிவில் தள்ளி, அதன் மேல் கட்டுவது அதைவிட ஆபத்து. கெட்டியான நிலத்தில்தான் அஸ்திவாரம் நிற்க வேண்டும். வீட்டுக்கு மேற்புறம் குறுக்கு வாய்க்கால் எடுத்து, மழைத் தண்ணீரை இரு பக்கமும் பிரித்து விட வேண்டும். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியத் துளைகள் விடவும். கழிப்பறைத் தொட்டியை ஊற்றுக்கும் கிணற்றுக்கும் கீழ்ப்புறமாக, எட்டத்தில் அமைக்கவும்.

அரசு உதவியும் ஒரு எச்சரிக்கையும்

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பிரிவினருக்கு, 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டத்தில் வீட்டு உதவி அறிவிக்கப்பட்டது. இதிலும் மற்ற வீட்டுத் திட்டங்களிலும் தற்போது என்ன கிடைக்கும் என்பதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரிக்கவும். பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியரிடம் முன்பே பெற்று வைக்கவும். இத்திட்டங்களில் மனை இருக்கும் இடத்தைப் போட்டோவுடன் கணினியில் பதிவு செய்கிறார்கள். பதிவான இடத்தை விட்டு வேறிடத்தில் கட்டினால் அடுத்த தவணை நின்றுவிடும்.

சமவெளியிலிருந்து வருபவர், "நிலம் உன் பெயரிலேயே இருக்கட்டும், விடுதி நான் கட்டுகிறேன், மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று ஆசை காட்டுவது மலைகளில் நடக்கிறது. பவர் பத்திரம், வெற்றுத்தாளில் கையெழுத்து எதுவும் கொடுக்க வேண்டாம். வன உரிமை நிலத்தையும் நிபந்தனை நிலத்தையும் இவ்விதம் கைமாற்றினால் கட்டடத்தோடு நிலமும் போகும். வழக்கு வரும்போது நோட்டீஸில் இருப்பது பட்டாதாரர் பெயரே.

சுருக்கமாக, செய்ய வேண்டிய வரிசை

நிலத்தின் வகையை 'அ' பதிவேட்டில் பார்க்கவும். எல்லையை அளக்கவும். நிபந்தனை நிலமானால் தாசில்தாரையும், வன உரிமை நிலமானால் பதிவேட்டையும் கவனிக்கவும். மலைப் பகுதிப் பட்டியலில் ஊர் உள்ளதா என விசாரிக்கவும். படம் வரைந்து ஊராட்சியில் விண்ணப்பிக்கவும். உத்தரவு கையில் வந்த பிறகே செங்கல்லுக்கு முன்பணம் கொடுக்கவும். எல்லாக் காகிதங்களிலும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் பத்திரப்படுத்தவும்.

பங்குனி, சித்திரையில் வீடு கட்ட நினைப்பவர்கள், ஆடியிலேயே காகித வேலையைத் தொடங்குவது நல்லது. மழைக்காலத்தில் தோட்டத்தில் வேலை குறைந்திருக்கும் நாட்களில் தாலுகா ஆபீசுக்குப் போய் வந்தால், கோடையில் கவலையின்றிச் சுவர் எழுப்பலாம்.